பீலிக்கரையிலிருந்து முகத்துவாரம் வரை

மழைக்காலத்தில் கொழும்பு முகத்துவாரத்தில் நின்று பார்த்தால், களனி கங்கை கடலில் விழும் இடம் நெடுந்தூரத்துக்குச் செம்மண் குழம்பாகத் தெரியும். ஆகாயத்தாமரை, வாழைத்தண்டு, பிளாஸ்டிக் போத்தல், ஒற்றைச் செருப்பு எல்லாம் சேர்ந்து மிதந்து வரும். வலையில் மீனோடு அவையும் ஏறும். கடலைக் காப்பது பற்றி நான் இதுவரை கேட்ட பேச்செல்லாம் கரையில் நடந்தவை. வலைக்கண்ணின் அளவு, சுருக்குவலை, டைனமைட், பவளப்பாறை, 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து கரையெங்கும் ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகள். எல்லாமே பேசவேண்டியவைதான். ஆனால் அந்தச் செம்மண் கடலில் பிறக்கவில்லை. அது புறப்படும் இடத்தைப் பார்க்கவேண்டும், அங்கே வாழும் சனங்கள் தண்ணீரை என்னவாக நினைக்கிறார்கள் என்று கேட்கவேண்டும் என்பது எனக்கு நெடுநாள் எண்ணம். நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் பக்கத்தில் கடலை விட்டுக் கோயில் இல்லை. மலையில் எப்படி என்று அறிய, தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா நடக்கும் பங்குனி மாதம் பார்த்து அட்டன் பஸ்ஸில் ஏறினேன்.

அவிசாவளையைத் தாண்டியபின் பாதை களனியை ஒட்டியே, ஆற்றுக்கு எதிர்த்திசையில் ஏறுகிறது. கித்துல்கலையில் ஆறு பாறைகளுக்கு நடுவே வெள்ளையாகச் சீறுகிறது. அதற்கு மேலே கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடித்தான் களனி ஆகிறது. மலையிலிருந்து முகத்துவாரம் வரை ஆற்றின் மொத்த நீளம் 145 கிலோமீட்டர்தான். கொழும்பு குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கை அம்பத்தலையில் இந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள். கினிகத்தேனை ஏற்றத்தில் குளிர் தொட்டது. வட்டவளையில் தேயிலை தொடங்கியது.

மஸ்கெலியாவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆசிரியராக இருக்கும் நண்பரின் வீட்டில் தங்கினேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே தேயிலை, அதற்கும் மேலே காட்டுத் தொங்கல். அந்தக் காட்டிலிருந்து இறங்கும் ஊற்றுத் தண்ணீரைப் பீலி வைத்துப் பிடிக்கிறார்கள். குடிக்க, குளிக்க, துணி துவைக்க எல்லாவற்றுக்கும் பீலிக்கரைதான். பீலிக்குக் கீழே ஓடை, ஓடைக்குக் கீழே ஆறு, ஆறு போய் விழுவது மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில்.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டிய நாளிலிருந்து தோட்டம் விரதத்தில் இருக்கிறது. மீன், இறைச்சி சமைப்பதில்லை. தோட்டத்தை விட்டு வெளியே போய் இரவு தங்குவதில்லை. இவை நான் எதிர்பார்த்தவை. எதிர்பாராத ஒன்றை நண்பரின் மாமியார் சொன்னார். ஆற்றில் கரகம் பாலிக்கும், அதாவது கரகச் செம்பில் ஆற்றுநீர் நிறைத்து எழுப்பும், பாறை ஒன்று இருக்கிறது. காப்புக் கட்டியதும் இளைஞர்கள் போய் அந்த இடத்தைத் துப்புரவு செய்கிறார்கள். அன்றிலிருந்து விழா முடிவில் கரகத்தை ஆற்றில் குடிவிடும் வரை பாறைக்கு மேலே யாரும் துணி துவைப்பதில்லை, பாத்திரம் கழுவுவதில்லை, எச்சில் துப்புவதில்லை. துவைக்கிறவர்கள் எல்லாரும் கீழ்த்துறைக்குப் போய்விடவேண்டும். “கோயில் கமிட்டி சொல்லித்தான் போறீங்களாம்மா?” என்று கேட்டேன். “கமிட்டி எதுக்குங்க சொல்லணும்? எங்க பாட்டி காலத்துலேர்ந்து அப்படித்தான். புதுசா வாக்கப்பட்டு வந்த புள்ளைக்குக்கூட மொத வருசமே தெரிஞ்சுபோகும்” என்றார்.

கரகம் பாலிக்கும் இரவில் நானும் ஆற்றுக்கு இறங்கினேன். முன்னால் தப்பும் உறுமியும், பின்னால் மஞ்சள் சேலைப் பெண்கள், நடுவில் பூசாரி. தேயிலைக்கு நடுவே ஓர் ஆள் மட்டுமே போகக்கூடிய ஒற்றையடிப் பாதை. முந்தின நாள் மழையில் மண் வழுக்கியது. பாறையில் வாழையிலை விரித்துப் பச்சரிசி பரப்பி, கழுவித் துடைத்த பித்தளைச் செம்பை அதன்மேல் வைத்தார்கள். பூசாரி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். உடனே தண்ணீர் மொள்ளவில்லை. வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி ஆற்றில் விட்டார். அது சுழன்று போய் ஒரு கல்லில் முட்டி, விலகி, இருட்டுக்குள் நகர்ந்தது. ஒரு கை மஞ்சளும் சிறிது பாலும் நீரில் விட்டார். எலுமிச்சம்பழத்தை அறுத்து நாலு திசையிலும் எறிந்தார். அதன் பிறகும் நின்றார். மேளம் ஓய்ந்தது. குனிந்து ஒரு கை நீர் அள்ளிப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் செம்பை ஆற்றோட்டத்துக்கு எதிராக முக்கி நிரப்பினார். வேப்பிலையும் மஞ்சள் கயிறும் பூவும் சுற்றிக் கரகம் எழுந்தது. மறுபடி தப்பு அதிர்ந்தது.

அந்தக் கையளவுத் தண்ணீரில் என்ன பார்த்தீர்கள் என்று மறுநாள் பூசாரியிடம் கேட்டேன். “கலங்கியிருக்கான்னு பார்த்தேங்க ஐயா. தண்ணி கலங்கியிருந்தா ஆத்தா எறங்கமாட்டா. எங்கப்பா காலத்துல மழ பெஞ்சாக்கூட ராத்திரிக்குள்ள தெளிஞ்சிரும். இப்பல்லாம் ரெண்டு நாள் பிடிக்குது.”

நான் தேடி வந்தது அவர் சொன்ன இந்தச் செய்தியைத்தான். ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே மாதத்தில், அந்த ஆற்றின் தெளிவைக் கையில் அள்ளிப் பார்க்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. மழைக்குப் பின் ஆறு தெளிய எடுக்கும் நேரம் கூடிவிட்டது என்பதை அந்த வழக்கம் கண்டுபிடித்திருக்கிறது. இதைவிட நெடுங்கால அவதானிப்பு அந்த ஓடைக்கு வேறு யாரிடம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏன் தெளியவில்லை என்பதற்கான காரணங்கள் கண்ணெதிரே சரிவில் கிடக்கின்றன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் வந்த இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று தீர்த்தபின், மொட்டையடித்த மலைச்சரிவுகளில் எல்லாம் தேயிலை ஏறியது. 1873இல் தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடக்கூடாது என்று ஆலோசனை சொன்னார்; அரசு கேட்டது. ஹோர்ட்டன் சமவெளி மிஞ்சியது அதனால்தான். அந்த உயரத்துக்குக் கீழே தடையேதும் இல்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு புல் நுனிகூட நிற்கக்கூடாது என்பது வெள்ளைக்காரத் துரைமாரின் கணக்கு. சுரண்டியால் வழித்து வழித்து மேல்மண் முழுவதையும் ஆற்றுக்கு அனுப்பினார்கள். மண்ணைத் தடுக்கச் சரிவுக்குக் குறுக்கே கான் எனப்படும் வடிகால் வெட்டும் வேலை இருந்தது. இப்போது ஆள் குறைந்து பல மலைகளில் கான்கள் தூர்ந்து கிடக்கின்றன. சுரண்டியின் இடத்துக்குக் களைகொல்லி வந்தது. கிளைபோசேட்டை 2015இல் தடைசெய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் தடையை நீக்கினார்கள். மருந்தடித்துக் காய்ந்த மலையில் மழை பெய்தால் பிடித்துவைக்க வேர் இல்லை.

லயத்துச் சாக்கடையும் ஆற்றில்தான் விழுகிறது. அதற்கு அங்கே குடியிருப்பவர்களைக் குற்றம் சொல்வதில் நியாயம் இல்லை. நூறு வருடத்துக்கு மேல் பழைய லயங்கள். காணி தோட்ட நிர்வாகத்தின் கையில். சொந்தச் செலவில் ஒரு மலசலகூடக் குழி வெட்டக்கூடத் தோட்டத் துரையின் பங்களாவில் அனுமதி கேட்கவேண்டிய மக்கள் அவர்கள். ஆற்றைக் கெடுக்கும் அமைப்பு அவர்கள் கையில் இல்லை. ஆற்றை மதிக்கும் வழக்கம் அவர்கள் கையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் “மரபு அறிவு” என்று புகழ்ந்துவிட்டுப் போவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

மவுஸ்ஸாகலைக்கு இறங்கினேன். 1969இல் இந்த அணை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் முழுவதும் நீருக்குள் போனது. கோடையில் நீர் வற்றும்போது பழைய சண்முகநாதர் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் மறுபடி தலைகாட்டுகின்றன. நான் போனபோது நீர் இறங்கியிருந்தது. கோயிலின் கருங்கல் தூண்களைச் சுற்றி வெடித்த சேறு. அந்தச் சேற்றை ஒரு கட்டி உடைத்துப் பார்த்தேன். அடுக்கடுக்காக, சில அடுக்கு செந்நிறம், சில அடுக்கு சாம்பல். மலையின் மேல்மண் இப்படி அணையில் தங்கிவிடுகிறது. கடலுக்கு வேண்டியது மணல், அது போகவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் மிச்ச மணலையும் அள்ளிவிடுகிறார்கள். அதனால் வத்தளை, நீர்கொழும்புப் பக்கத்துக் கடற்கரை தேய்கிறது. தேவையான மணல் கிடைக்காமல், தேவையில்லாத சேற்றையும் குப்பையையும் வாங்கிக்கொள்கிறது கடல். கோயில் வாசலில் யாரோ புதிதாகச் சூடம் கொளுத்திய கறை இருந்தது. ஆண்டில் பெரும்பகுதி நீருக்குள் இருக்கும் சாமிக்கும் ஆள் வருகிறார்கள்.

அங்கிருந்து சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணிக்குப் போனேன். சிவனொளிபாதமலைப் பருவம் மார்கழிப் பூரணையில் தொடங்கி வெசாக் பூரணையில் முடிகிறது. இரவெல்லாம் சனம் ஏறுகிறது. 2,243 மீட்டர் உயர மலையில் புத்தரின் பாதம் என்பவர்களும் சிவனின் பாதம் என்பவர்களும் ஆதம் நபியின் பாதம் என்பவர்களும் ஒரே படியில் ஏறுகிறார்கள். ஏறும் வழியில் சீதகங்குலை என்ற ஓடையில் குளித்து, வெள்ளை உடுத்தி, பிறகுதான் மேலே போகவேண்டும் என்பது பழைய முறை. இப்போது பலர் முகத்தை மட்டும் நனைக்கிறார்கள். குளிர் அப்படி. ஆனால் அந்த ஓடையின் கரையில் நான் நின்ற நேரத்தில் ஒருவர்கூட அதில் எதையும் போடவில்லை. நூறு படி தள்ளி, பெயரில்லாத இன்னொரு சிற்றோடையில் பிஸ்கட் உறைகளும் தண்ணீர்ப் போத்தல்களும் குவிந்து கிடந்தன. இரண்டும் ஒரே மலையின் தண்ணீர், இரண்டும் மஸ்கெலி ஓயாவில் சேர்கின்றன. சடங்கு ஒன்றைக் காத்திருக்கிறது; அது தொடாத மற்றொன்று குப்பைக் கிடங்காகிவிட்டது. இந்தக் காடு 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. அப்படி அறிவிக்கும் பலகையைத் தாண்டித்தான் உறைகள் விழுகின்றன.

அட்டனுக்குத் திரும்பி நானுஓயாவுக்கு ரயில் ஏறினேன். அட்டன் மேடு ஒரு நீர்ப்பிரிமேடு. டிக்கோயாப் பக்கம் விழும் மழை களனியோடு மேற்குக் கடலுக்கு. மறுபக்கம் அட்டன் ஓயாவில் விழுவது மகாவலியோடு கிழக்குக் கடலுக்கு. ரயில் தலவாக்கலையை நெருங்கும்போது சென்கிளேயர் அருவி தெரியும். 2012இல் மேல் கொத்மலைத் திட்டம் தொடங்கியபின் அருவியில் நீர் அடங்கிவிட்டது. நுவரெலியாவின் கிரகரி ஏரித் தண்ணீர், கிழங்குத் தோட்டங்களின் உரத்தையும் கரைத்துக்கொண்டு நானுஓயா வழியாகக் கொத்மலை ஓயாவுக்கு வருகிறது. பிறகு மகாவலி. 335 கிலோமீட்டர் ஓடித் திருகோணமலைக் கொட்டியாரக் குடாவில் முடிகிறது. அதன் ஒரு கிளை வெருகல் ஆறு. அந்தக் கரையில்தான் வெருகல் சித்திர வேலாயுதர் கோயில். திருவிழாவின் தீர்த்தம் அந்த ஆற்றில். அதாவது தலவாக்கலைத் தோட்டங்களில் கரகம் பாலிக்கும் ஆறு, வெருகலில் முருகனை நீராட்டிவிட்டுக் கடலுக்குப் போகிறது. இரண்டு ஊர்ச் சனமும் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள்.

எங்கள் முல்லைத்தீவில் இதற்கு எதிர்த்திசைச் சடங்கு ஒன்று உண்டு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கடலிலிருந்து நீர் மொண்டு வருவார்கள். அந்த உப்புநீரை முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்து அதில் விளக்கு எரிப்பார்கள். பிறகு அது வற்றாப்பளைக்கு வரும். வைகாசி விசாகத்தை ஒட்டிப் பொங்கல். சிறுவயதில் அந்தக் கடல்நீர்ப் பானை எங்கள் தெருவில் போகும்போது பெரியவர்கள் குடம் நிறைய நீர் வாசலில் ஊற்றி வழிவிடுவார்கள். தங்கள் வயிற்றுப்பாட்டின் கடல், கோயிலுக்குள் அம்மனின் விளக்காக எரிவதைப் பார்த்து வளர்ந்த ஊரில் கடலைச் சாக்கடை என்று நினைக்க மனம் வராது. யாரும் எங்களுக்குக் கடல் பாதுகாப்புப் பாடம் எடுக்கவில்லை.

வழக்கமும் ஊர்க்கட்டுப்பாடும் சேர்ந்து கடலைக் காத்த இடங்கள் உலகில் பல. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் சாசி என்ற முறைப்படி தென்னங்குருத்தைக் கட்டிவைத்தால் அந்தக் கடற்பகுதியில் குறித்த காலம்வரை யாரும் இறங்கமாட்டார்கள். சோழமண்டலக் கரையில் பட்டினவர் ஊர்ப் பஞ்சாயத்துகள், மீன்வளத்துக்குக் கேடு என்று தோன்றும் வலையைத் தாங்களே தடைசெய்திருக்கின்றன. ஆனால் மலையையும் கடலையும் ஒரு சடங்கு எப்படி இணைக்கமுடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான சான்று ஜப்பானின் கெசென்னுமா. அங்கே முரோனே மலைக் கோயிலின் பெருவிழாவுக்குக் கரகுவா கடற்கரைக்காரர்கள் கடல்நீர் மொண்டு கொடுப்பது பழைய வழக்கம். ஹதகேயமா ஷிகெஅத்சு என்ற சிப்பி வளர்ப்பவர், குடாவின் தண்ணீர் கெட்டுச் சிப்பிகள் சிவந்துபோனதைக் கண்டு, காரணம் ஆற்றின் மேல்பக்கம் இருக்கிறது என்று புரிந்துகொண்டார். 1989இல் மீனவர்கள் மீன்கொடிகளை ஏந்திக்கொண்டு முரோனே மலையேறி மரம் நட்டார்கள். காட்டின் மக்கிய இலைகளிலிருந்து வரும் இரும்புச் சத்து கடலின் நுண்பாசிக்கு உணவு என்பதைப் பின்னால் விஞ்ஞானிகள் விளக்கினார்கள். மலைக்காரர்கள் அந்த மீனவர்களை அந்நியராகப் பார்க்கவில்லை. தங்கள் கோயிலுக்குக் கடல்நீர் தரும் சனம் அல்லவா! சடங்கு முன்பே போட்டுவைத்த பாதையில் காடு வளர்க்கும் வேலை ஏறிப்போனது.

நமக்கும் அப்படியொரு பாதை இருக்கிறது. மலையக மக்கள் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். மலையகத்தின் இருநூறாவது ஆண்டை ஒட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணம் அந்தப் பாதையைத்தான் மறுபடி மிதித்தது. ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து கோயில் எழுப்பியதாகப் பல தோட்டங்களில் சொல்கிறார்கள். கடலிலிருந்து மலைக்கு வந்த சனத்தின் கரகம், மலையிலிருந்து கடலுக்குப் போகும் ஆற்றில் நிறைகிறது. வெருகலிலும் முகத்துவாரத்திலும் உள்ளவர்கள் ஒரு குடம் கடல்நீரோடு தோட்டத் திருவிழாவுக்கு வந்தால், தோட்டத்துச் சனம் அவர்களை யாரென்று கேட்கப்போவதில்லை, பந்தியில் உட்காரவைப்பார்கள்.

கரகம் குடிவிடும் நாளுக்குத் தோட்டத்துக்குத் திரும்பினேன். மஞ்சள் நீராட்டு முடிந்து முளைப்பாரியும் கரகமும் ஆற்றுக்கு இறங்கின. வேப்பிலை, பூ, முளைத்த நவதானியம் எல்லாம் நீரோடு போயின. அவற்றால் ஆற்றுக்குக் கேடில்லை. ஆனால் பால்குடத்துக்கு வாங்கிய பால்மா உறைகள், பிளாஸ்டிக் மாலைகள், ஜிகினாத் தாள், குங்குமம் என்ற பெயரில் விற்கும் இரசாயனச் சாயம், அன்னதானத்து லஞ்ச் ஷீட் எல்லாம் கூடவே இறங்கின. பாறைக்கு மேலே எச்சில் துப்பாத சனம், பாறைக்குக் கீழே இதைப் பார்த்துக்கொண்டு நின்றது. கீழேயும் ஒரு கோயில் இருக்கிறது, அங்கேயும் பூசாரி ஒருவர் தண்ணீரை அள்ளிப் பார்ப்பார் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அன்று மாலை கோயில் கமிட்டிப் பொருளாளரிடம் இதைப் பேசினேன். நான் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். “பொலித்தீன் விசயம் நம்ம கையில இருக்குங்க. அடுத்த வருசம் நோட்டீசுலயே போட்டுருவோம். ஆத்தங்கரை தோட்டத்து எடம். அதுக்குத் தொரைகிட்டதான் போகணும். சுற்றாடல் அது இதுன்னு போனா மேலே எழுதிக் கேக்கணும்பாரு. கரகம் பாலிக்கிற எடம்னு போவோம், மறுக்கமாட்டாரு” என்றார். திருவிழாக் கணக்கு ஒப்படைக்கும் கூட்டத்தில் இதையும் வைப்பதாகச் சொல்லி, மனுவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தரும்படி கேட்டார்.

நண்பரின் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். பாறைக்கு மேலே இரு கரையிலும் பத்தடி அகலத்துக்குக் களைகொல்லி அடிக்காமல், மண்ணைப் பிடிக்க மானாப்புல் நட்டு விடவேண்டும்; மேல்பக்க மலையில் தூர்ந்த கான்களை மழைக்கு முன் வெட்டித் தரவேண்டும்; லயத்துச் சாக்கடை ஆற்றில் நேரே விழாமல் உறிஞ்சுகுழி அமைக்கத் தோட்டம் இடமும் சீமெந்தும் தந்தால், குழி வெட்டும் வேலையைக் கோயில் இளைஞர்கள் செய்வார்கள். பொருளாளர் வாசித்துப் பார்த்து, ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: காப்புக் கட்டும் நாளில் மட்டும் செய்துவந்த துப்புரவை இனி மாதம் ஒரு முறை, பௌர்ணமியில் செய்வதாக. அதையும் சேர்த்துக் கையெழுத்துக்கு இடம் விட்டுக் கொடுத்தேன்.